பத்தாவது பெண்

ராசிங்காபுரம்,
26-5-1958

அன்புள்ள கமருக்கு உன் இருளு எழுதுவது.

நான், என் மகள், என் மாமியார், மாமியாரின் முழங்கால் வலி எல்லாரும் இங்கே சௌக்கியம். நீயும் உன் டிராயிங் போர்டும் கோயமுத்தூரில் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு, "என்ஜினீயரம்மா கடுதாசி வந்திருக்கு" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். நம் இரண்டு பேரில் யாரைச் சொல்கிறார் என்று எனக்கே ஒரு நிமிஷம் குழப்பமாக இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. அத்தை கேட்டதற்கு விறகு ஈரம் என்று சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காலேஜில் முதல் வருஷ என்ஜினீயரிங்குக்கு இதுவரை ஒன்பது பெண்கள்தான் சேர்ந்திருக்கிறார்கள், ஜூலை முதல் வாரத்துக்குள் பத்தாவதாக ஒருத்தி வராவிட்டால் அந்தப் பகுதியையே மூடிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்று எழுதியிருக்கிறாய். மூடினால் ஏற்கெனவே படிக்கிற மாணவிகளை ஆண்கள் காலேஜில் போய்ச் சேரச் சொல்வார்களாம். உன் அத்தா உன்னை அங்கே அனுப்புவாரா என்று என்னிடம் கேட்கிறாயே, உன்னைப் பெண்கள் காலேஜுக்கு அனுப்பியதற்கே உன் சாச்சா சவுகத் அலி தன் அண்ணனோடு எத்தனை மாதம் பேசாமல் இருந்தார் என்பது ஊருக்கே தெரியும். ஒரே ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போது இப்படி வந்து நிற்கிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

'நீ அன்றைக்கு என்னோடு வந்திருந்தால்' என்று நீ எழுதவில்லை. எழுத வந்து விட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியும். நம் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல்தானே இடம் கிடைத்தது. நான் வந்திருந்தாலும் இந்த வருஷக் கணக்குக்கு உதவியிருக்க மாட்டேன், உன்னோடு மூன்றாம் வருஷத்தில் இருந்திருப்பேன். இப்படிச் சொல்லி என் மனசை நானே தேற்றிக்கொள்கிறேன்.

அய்யாவுக்கு அப்போது பாதி மனசு இருந்தது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. குலசாமியிடம் பூக் கேட்டுவிடுவோம் என்றார்கள். எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தது. ஒரு பொட்டலத்துப் பூவா உன் தலையெழுத்தைச் சொல்லும் என்று நீ கோபித்துக்கொண்டு நாலு மாதம் கடிதமே போடவில்லை. நீ கோபித்ததில் தப்பில்லை. ஆனால் சாமி சொல்லிவிட்ட பிறகு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? மனுஷர் சொல்லியிருந்தால் ஒரு நாள் பட்டினியாவது கிடந்திருப்பேன்.

சரி, உனக்கு ஒரு பெண் வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும், கணக்கு நன்றாக வர வேண்டும், வீட்டில் விட வேண்டும். முதல் இரண்டும் கிடைக்கின்றன. போன வாரம் அம்மா வீட்டுக்குப் போன சாக்கில் போடியில் மூன்று வீடு ஏறி இறங்கினேன். மொக்கம்மாள் அக்காவின் மகள் தேறியிருக்கிறாள். அக்கா நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கே தையல் சொல்லித் தருவார்களா என்றாள். இல்லை என்றதும், "பெறகு என்னத்துக்கு அம்புட்டுத் தூரம்?" என்று எனக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். இரண்டாவது வீட்டில் பெண் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது, அதன் வளையல் சத்தத்தைத் தவிர வேறு பதில் வரவில்லை.

மூன்றாவது வீட்டுக்காரர் படித்தவர், தாலுகா ஆபீசில் இருக்கிறார். அவர்தான் எனக்கு ஆத்திரத்தை உண்டாக்கினார். "கொத்தனாரு ஆம்பளை. அவனை ஒரு பொம்பளப் பிள்ளை நின்னு வேலை வாங்குனா அவன் கேப்பானா?" என்றார். போடியிலிருந்து மலைக்கு ஏறுகிற ரோட்டில் அன்றாடம் பார்க்கிறோம், கல்லும் மண்ணும் சுமக்கிறது பூராவும் பெண்கள்தான். சுமக்கலாம் போலிருக்கிறது, கொண்டுபோய் எங்கே வைப்பது என்று சொல்லத்தான் கூடாது. இதை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

மலையில் எங்கள் ஏலக்காட்டில், காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற மண்தாங்கிச் சுவர் போன ஐப்பசி மழையில் சரிந்ததல்லவா? மறுபடியும் கட்டுகிறார்கள். சுவருக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர் வெளியே வர இடையிடையே ஓட்டை விட வேண்டும் என்று நீ பாடத்தில் படித்து எனக்கு எழுதினாயே, அதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கட்டுற சொவத்துல யாராச்சும் ஓட்டை வப்பாங்களா?" என்று சிரித்தார். பிறகு என் திருப்திக்காக மூங்கில் குழாய் நாலைந்து செருகச் சொல்லியிருக்கிறாராம். மழை வரட்டும், பார்க்கலாம்.

பக்கத்து ஊர் தேவாரத்தில் யானை இறங்கி வாழையை எல்லாம் மிதித்துப் போட்டுவிட்டது. இங்கேயும் ராத்திரிக் காவல் போட்டிருக்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை. இன்னும் ஒன்றிரண்டு வீடு பாக்கி இருக்கிறது. கேட்டுப் பார்த்து எழுதுகிறேன். நீ சாப்பிடாமல் கிடக்காதே.

உன்
இருளு


ராசிங்காபுரம்,
14-6-1958

அன்புள்ள கமர்,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கவில்லை, கோபிக்காதே. தலை சுற்றுகிறது.

பெண் கிடைத்துவிட்டாள். தேடிப் போன வீடுகளில் இல்லை, என் வீட்டிலேயே. செல்லக்கிளி! என் நாத்தனார்தான். நீ என் கல்யாணத்தில் பார்த்திருப்பாய், பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் கேட்டு அத்தையிடம் கிள்ளு வாங்கினவள். இப்போது எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டாள், கணக்கில் நல்ல மார்க்கு. உன் கடிதத்தை நான் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அரிசி எடுக்க வந்தவள் படித்துவிட்டாள். நீ எனக்கு அனுப்பிய படங்களையும் பாடக் குறிப்புகளையும் ஏற்கெனவே ஒன்று விடாமல் படித்திருக்கிறாளாம், இத்தனை நாள் எனக்குத் தெரியாது. படித்துவிட்டு நேரே என்னிடம் வந்து, "மதினி, நான் போறேன். என்னய அனுப்பச் சொல்லுங்க" என்றாள். உப்பு வாங்கக் கடைக்குப் போகிறேன் என்பதுபோலச் சொன்னாள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் ஒரு தடவை எழுதிப் பார்த்தால்தான் எனக்கே புத்தியில் ஏறும்போல் இருக்கிறது. என் கல்யாணம் என்னோடு முடிந்த கல்யாணம் இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று இரண்டு வீட்டிலும் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். என்னை இந்த வீட்டுக்குக் கொடுப்பது, செல்லக்கிளி பள்ளிக்கூடம் முடித்ததும் அவளை என் அண்ணன் ராஜாராமுக்குக் கொடுப்பது. வருகிற ஆவணியில் அந்தக் கல்யாணம். எங்கள் அய்யாவுக்குக் காணி நிலம் இல்லை, அண்ணன் அடுத்தவருடைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு மலைக்கு லோடு ஏற்றுகிறவன். என் கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்குப் பெண் கேட்டுப் போன இரண்டு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அம்மா இந்த ஏற்பாட்டைச் செய்தாள்.

அண்ணன் நல்லவன். வீரபாண்டித் திருவிழாவில் கண்ணாடி வளையல் வாங்கி, நேரே கொடுக்க வெட்கப்பட்டு என்னிடம் கொடுத்தனுப்பினான். செல்லக்கிளி அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் ஒன்றும் அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. படித்து முடித்துவிட்டு வந்து கட்டிக்கொள்கிறேன், காத்திருக்கச் சொல்லுங்கள் என்கிறாள். மூன்று வருஷம்! அண்ணன் ஒருவேளை காத்திருப்பான். அம்மா மூன்று மாதம் காத்திருக்க மாட்டாள்.

இதற்கு நடுவில் உன் அத்தா வேறு வேலை பார்த்துவிட்டார். என் மாமனார் மிச்சமிருந்த ஏலக்காயை விற்க உன் அத்தாவின் மண்டிக்குப் போயிருக்கிறார். அங்கே உன் அத்தா, சரக்கு வைக்கிற புதுக் கிட்டங்கிக்கு நீ போட்டுக் கொடுத்த படத்தைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறாராமே. வருகிறவர் போகிறவருக்கெல்லாம், "நம்ம கமர்நிசா போட்டது" என்று காட்டுகிறாராம். மாமா வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே பேச்சாக இருக்கிறார். "கலீபுல்லா ராவுத்தர் மக கட்டடமே போடுது. நம்ம பிள்ளைக்கு என்ன கொறச்சல்? நம்மளும் அனுப்பிப் பாப்போம்" என்கிறார். அவருக்குப் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் தொங்க வேண்டும், அவ்வளவுதான். எப்படி வந்தாலும் ஆசை ஆசைதானே.

அத்தை சம்மதிக்கவில்லை. "போடிக்காரவுகளுக்குக் குடுத்த சொல்லு என்னத்துக்காகும்? நாளைக்கு அவுக, எங்க பொண்ணை அனுப்பி வைன்னு வந்து நின்னா பேத்திய யாரு பாக்குறது?" என்றார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு பக்கம் சொல் தவறினால் மறு பக்கத்துப் பெண் பெட்டியோடு திரும்புவது இங்கே நடக்கிற காரியம்தான். எங்கள் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குக் காட்டுச் சோலி தலைக்கு மேல கெடக்கு. வெரசா ஒரு முடிவச் சொல்லுங்க" என்கிறார்.

செல்லக்கிளி என்னைத்தான் பார்க்கிறாள். நேற்று மாடு கட்டப் போன இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒரு வார்த்த சொன்னா எங்க அண்ணன் கேக்கும் மதினி" என்றாள். பார்க்கலாம் என்றேன். அந்த வார்த்தையை என்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். அவள் போனால் என் அண்ணனுக்குக் கல்யாணம் நடக்காது. போகாவிட்டால் உன் படிப்பு நிற்கும், அவளும் என்னைப்போல ஆவாள். நான் வாயைத் திறக்காமலே இருக்கிறேன்.

கடைசியில், வருகிற திங்கட்கிழமை குலசாமி கோயிலில் பூக் கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. வெள்ளை என்றால் கோயமுத்தூர், சிவப்பு என்றால் ஆவணி. அம்மாவுக்கும் ஆள் சொல்லி அனுப்பினார்கள். சாமி சொன்னால் சரி என்றுவிட்டாளாம். அவள் சம்மதிப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி பொட்டலம் கட்ட வேண்டியவள் வீட்டு மருமகள். என் கையால்தான் கட்ட வேண்டும். நல்லது நடக்கட்டும் என்று நீ வேண்டிக்கொள். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன்
இருளு


ராசிங்காபுரம்,
27-6-1958

என் கமர்,

தந்தி கிடைத்திருக்கும். செல்லக்கிளி வருகிறாள். புதன்கிழமை காலை ரயிலுக்கு மாமாவும் அவளும் போடியிலிருந்து புறப்படுகிறார்கள். மதுரையில் வண்டி மாறி மறுநாள் அங்கே வந்துவிடுவார்கள். நீ பிரின்சிபால் அம்மாவிடம் சொல்லிவிடு. பத்தாவது பெண் வந்துவிட்டாள் என்று சொல்.

இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தனுப்பியிருக்கலாம். மதுரை தாண்டுவதற்குள் பிரித்துப் படித்துவிடுவாள், அதனால் தபாலில் போடுகிறேன். நீயும் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

திங்கட்கிழமை விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு கோயிலுக்குப் போனேன். எல்லாரும் முன்னால் நின்றார்கள். பொட்டலம் கட்டுகிறவளை யாரும் பார்க்கக் கூடாது என்பதால் நான் மட்டும் புளியமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பூசாரி கொடுத்தது வெள்ளை அரளி ஒரு கை, சிவப்பு அரளி ஒரு கை, இரண்டு வாழையிலைத் துண்டு, நார். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. வேறு வேலையே இல்லை. வெள்ளையை வைத்து ஒன்றைக் கட்டி முடித்தேன். இரண்டாவது இலையை விரித்து, சிவப்பைக் கையில் எடுத்தேன்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. இந்தப் பூவைப் பூசாரி பார்க்கப்போவதில்லை என்று தோன்றியது. எடுத்த பொட்டலத்தைத்தான் பிரிப்பார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்தால் சாமி குத்தம், அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இது தெரிந்த விஷயம்தான், ஆனால் தெரிந்த விஷயத்தை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சிவப்பு அரளியை மடியில் செருகிக்கொண்டேன். மீதியிருந்த வெள்ளையை வைத்து இரண்டாவது பொட்டலத்தையும் கட்டினேன்.  

எடுத்துக் கொடுக்க என் மகளைத்தான் உட்கார வைத்தார்கள். முனியாயி ஒரு பொட்டலத்தைப் பிடித்து நேரே வாயில் வைக்கப் போனாள், எல்லாரும் சிரித்தார்கள். பூசாரி வாங்கிப் பிரித்தார். வெள்ளை. செல்லக்கிளி அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டாள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தை திருநீறு எடுத்து மகளுக்குப் பூசிவிட்டார்கள். மற்றப் பொட்டலத்தைப் பூசாரி வாய்க்காலில் விட்டார். நார் அவிழ்ந்து தொலைக்குமோ என்று, அது மதகு தாண்டும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்து சிவப்பு அரளியைக் குப்பைக்குழியில் ஆழமாகப் புதைத்தேன். மாடு தின்றால் செத்துப் போகும்.

மறுநாள் போடிக்குப் போனேன். ஆள் மூலம் செய்தி போயிருந்தாலும் நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டாமா? அய்யா காட்டு வேலைக்குப் போயிருந்தார். அம்மா முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "ஒன்னய எதுக்குக் குடுத்தோம்?" என்று கேட்டாள். அழுதாள், திட்டினாள். "அந்தப் பயலுக்கு இனி எவன் பொண்ணு குடுப்பான்? அவுக சொல்லுத் தவறிட்டாக, நீயும் புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்துரு" என்றாள். வர மாட்டேன் என்றேன். சாமி சொன்னதற்கு நான் என்னம்மா செய்வேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். என் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "ரெண்டுலயும் வெள்ளையே வச்சுக் கட்டுனியா?" என்று கேட்டாள்.

கமர், அந்தக் கோயிலில் அத்தனை பேர் நின்றார்கள். என் மாமியாருக்கு அது தோன்றவில்லை, பூசாரிக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி வேறு யாருக்கும் வராது. ஒரு தடவை அப்படிக் கட்டினவளுக்குத்தான் வரும்.

 தான் என்ன கேட்டுவிட்டோம் என்று அம்மாவும் அப்போதுதான் உணர்ந்தாள்போல் இருக்கிறது. முறத்தை எடுத்து மறுபடியும் காய் பொறுக்கத் தொடங்கினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் வீட்டு மருமகள் அவள்தானே, அன்றைக்கு என் பூவைக் கட்டியவளும் அவள்தானே. என் இரண்டு பொட்டலத்திலும் சிவப்புத்தானா அம்மா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் இல்லை என்று சொல்லியிருப்பாள். அந்தப் பொய்யை வேறு நான் கேட்டுக்கொண்டு வர வேண்டுமா?

இரண்டு வருஷமாக எங்கள் சாமி என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்குப் போடும்போதெல்லாம், நான் என்ன குறை வைத்தேன் என்று மனசுக்குள் கேட்டிருக்கிறேன். அது பாவம், ஒன்றுமே சொல்லவில்லை. நீ கோபித்தது சரி. நான்தான் சாமி பேரைச் சொல்லி உன்னிடம் வாதாடிக்கொண்டிருந்தேன்.

அம்மாவை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. அவளுக்கு மகனுக்கு ஒரு பெண் வேண்டியிருந்தது, அதற்கு என்னைத் தவிர அவளிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை. நானும் அதைத்தானே செய்தேன். ஒருத்தியை அனுப்பிவைக்க என் அண்ணனை எடுத்துக் கொடுத்துவிட்டேன். புறப்படும்போது அம்மா, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தான். முனியாயியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். "சாமி சொன்னதுக்கு நீ என்ன ஆத்தா செய்வே? அழுகாதே" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கட்டும் என்றான். செல்லக்கிளி வளையலைத் திருப்பித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தாள். நான் அதை வெளியே எடுக்கவில்லை. அவன் அம்மாவைப்போலத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அவனுக்கு நான் செய்ததை இந்த ஜென்மத்தில் அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

நீ தொழுகிறபோது எனக்காகவும் ஒரு வார்த்தை சொல். எங்கள் சாமியிடம் நான் இப்போது எதுவும் கேட்கிற நிலையில் இல்லை. முனியாயிக்கு நேற்று லேசாக உடம்பு சுட்டது. மாந்தம்தான் என்றார்கள், இன்றைக்குச் சரியாகிவிட்டது. ராத்திரி முழுக்க நான் பட்ட பாட்டை உனக்கு எழுத வேண்டியதில்லை.

இனி செல்லக்கிளியைப் பற்றி. அவளுக்குப் பசி தாங்காது, விடுதியில் சோறு போதாவிட்டால் கூச்சப்படாமல் கேட்கச் சொல். பல்லியைக் கண்டால் ஊரைக் கூட்டுவாள். படம் போடுவதில் அவசரக்காரி, அழித்து அழித்துக் காகிதத்தை ஓட்டையாக்குவாள், பக்கத்தில் உட்கார்ந்து பழக்கு. தூக்கத்தில் குறட்டை விடுவாள், அதற்கு மருந்து இல்லை. முதல் மாதம் அழுவாள். அழட்டும், ஆனால் தனியாக அழ விடாதே. பூ விஷயம் மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது. சாமியே அனுப்பியது என்று நம்பிக்கொண்டு அவள் படிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இதை நீ எனக்குச் சத்தியமாகச் செய்ய வேண்டும். மாமாவின் ஆசை சுவரில் மாட்டுகிற ஆசை, எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது. ஆவணியில் காய்ப் பறிப்பு தொடங்கிவிட்டால் வீட்டில் கை போதாது, அத்தைக்கு மகள் நினைவு வரும். அப்போது அவளைக் கூப்பிட்டுக் கடிதம் வரும். இந்த வீட்டில் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். மாமாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், எங்கள் வீட்டுக்காரர் பேனாவைத் தொட்டால் வேர்த்துவிடுவார். ஆக, என்னைத்தான் உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதச் சொல்வார்கள். அத்தைக்கு உடம்பு முடியவில்லை, உடனே புறப்பட்டு வா என்று எழுதுவேன். மாட்டேன் என்று சொல்ல முடியாது. எனக்குப் போக வேறு வீடும் இப்போது இல்லை.

அந்தக் கடிதம் வந்தால், என் கையெழுத்துத்தான் என்று நீ அடையாளம் கண்டுகொள்வாய். படி. மடித்து வை. எனக்கே உடம்பு சரியில்லை, என்னைப் பார்க்க வா என்று நானே கெஞ்சி எழுதியிருந்தாலும், அவளை அனுப்பாதே கமர்.

உன்
இருளு